ஒரே பெட்டியில் வந்த பாட்டில்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும், உன்னைச் சுமக்கும் கப்பலும், பிறந்த வீட்டில் மசக்கையோடு இருக்கும் அண்ணியும் நலம்தானே?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "சிக்னல் போகுது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் சிக்னல் போகாது.

விடுதியின் ஒயின் நிலவறைச் சாவியை உன்னிடமிருந்து வாங்கி ஆறு மாதம் ஆகிறது. போன வாரம்தான் முதல் முறையாகப் பழைய இத்தாலி வரிசையில் கை வைத்தேன். முதலாளியம்மா கீழே இறங்கி வந்தார். விடுதி தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைகிறதாம். செப்டம்பர் இருபதாம் தேதி விருந்து, இருபத்துநான்கு பேர். மறைந்த முதலாளி ஆசையாகச் சேர்த்த இத்தாலியச் சிவப்பு ஒயின்கள்தான் அன்று மேசைக்கு வர வேண்டும். "அவரோட கடைசி வருஷங்கள்ல உங்க அண்ணன் திறக்கவே விடல. 'இன்னும் காலம் இருக்கு, இன்னும் காலம் இருக்கு'ன்னே சொல்லிட்டிருந்தான். அவருக்குத்தான் காலம் முடிஞ்சுபோச்சு. இனிமேயாவது திறப்போம்" என்றார். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறந்து, சுவைத்து, விருந்து அட்டையில் அச்சிட நான் குறிப்பு எழுத வேண்டும். அது நன்றாக அமைந்தால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நன்றியும் வணக்கமும்.

முதலில் பரோலோ. இருபத்தெட்டு வயது, என்னைவிட இரண்டு வயது மூத்தது. உன் குறிப்பேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டேன். "விளிம்பில் செங்கல் நிறம். காய்ந்த ரோஜா, தார், பழைய தோல். துவர்ப்பு பட்டுத்துணி. விழுங்கிய பிறகும் ஒரு நிமிடம் வாயை விட்டுப் போகாது" என்று எழுதியிருக்கிறாய். என் கோப்பையில் இருந்ததோ மறந்துபோய் அடுப்பில் விட்ட தேநீரின் பழுப்பு. வாசனை, வெந்து குழைந்த உலர்பழமும் கருகின சர்க்கரையும். வாயில் வைத்ததும் இருந்தது, அடுத்த நொடி இல்லை. ரோஜாவும் இல்லை, தாரும் இல்லை.

நான் என்ன தவறு செய்கிறேன்? நீ கடைசியாக இந்த வரிசையில் எப்போது ஒன்றைத் திறந்தாய்? குறிப்பேட்டில் ஐந்து ஆண்டுக்கு முந்தைய தேதிதான் இருக்கிறது.

அம்மா இன்னும் நான் பாட்டில் துடைக்கும் வேலையில் இருப்பதாகவே சொந்தக்காரர்களிடம் சொல்லி வருகிறாள். "குடிக்கலம்மா, வாயில வச்சுத் துப்பறேன்" என்று விளக்கினேன். "துப்பறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? உங்கப்பா சும்மாவே துப்பிட்டிருந்தாரே" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். விரைவில் பதில் எழுது.

உன் தங்கை

*

மார்ச் 6

மூக்காயிக்கு,

கடல் காற்றிலும் கெடாத அன்புடன் அண்ணன். நான் நலம். நேரத்துக்குச் சாப்பாடு, நேரம் கெட்ட தூக்கம். அம்மாவைப் படி ஏற விடாதே. அண்ணிக்கு இப்போது வாந்தி நின்றிருக்கிறதாம், பதிலுக்குக் கோபம் வருகிறதாம்.

உன் கடிதம் மூன்று துறைமுகம் சுற்றி வந்தது. படித்ததும் சிரித்தேன். அடி அசடே, இருபத்தெட்டு வருஷம் படுத்திருந்ததைத் தட்டி எழுப்பி உடனே பேசு என்றால் பேசுமா? பழைய ஒயின் கோபித்துக்கொண்டு வந்த சம்பந்தி மாதிரி. முதலில் உட்கார வைக்க வேண்டும். பாட்டிலை இரண்டு நாள் நிமிர்த்தி வை, மண்டி அடியில் தங்கட்டும். தக்கையை அவசரமில்லாமல் எடு. கண்ணாடிக் குடுவையில் மெதுவாக ஊற்று, கழுத்தில் மண்டி தெரிந்ததும் நிறுத்து. சற்று நேரம் விட்டுப் பார். மெல்லிய விளிம்புள்ள அகலக் கோப்பை எடுத்துக்கொள். சோப்பு வாசனை கூடாது. அன்று காலை பல் தேய்த்த பசைகூட எதிரிதான்.

இத்தாலிக்காரச் சிவப்பு லேசில் இளகாது. பொறுமை வேண்டும். உனக்கு அது உண்டு. சின்ன வயதில் தட்டில் போட்டதை முகர்ந்து முகர்ந்து ஆற வைத்துத்தானே சாப்பிடுவாய்?

முதலாளியம்மாவுக்கு என் வணக்கம். அம்மாவின் காலுக்கு ஒரு தைலம் வாங்கியிருக்கிறேன்.

அன்புள்ள
அண்ணன்

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

இங்கு அனைவரும் சுகம். தைலம் இன்னும் வரவில்லை, ஆனால் வருகிறது என்று கேட்டதிலேயே அம்மாவுக்குப் பாதி வலி போய்விட்டது. அண்ணியிடம் பேசினேன். கோபம் என்றாயே, அதன் பேர் புளிப்பு மிட்டாய். தீர்ந்துபோன அன்று மட்டும் வருகிறது.

நீ சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. நிமிர்த்தி வைத்தேன், ஊற்றினேன், காத்திருந்தேன். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்தேன். அரை மணிக்கு ஒரு தரம் முகர்ந்தேன். சம்பந்தி வாயே திறக்கவில்லை. இரண்டாவது பரோலோவைத் திறந்தேன். அதுவும் அப்படியே. பிறகு புருனெல்லோ. வேறு திராட்சை, வேறு மண், வேறு ஆண்டு. அதுவும் அதே வெந்த பழம், அதே கருகின சர்க்கரை. வேறு வேறு ஊர்க்காரர்களுக்கு ஒரே முகம் எப்படி வரும்?

இன்னொன்று. மேலே இருக்கும் தகட்டைப் பிரித்தால் தக்கை பாட்டில் வாய்க்கு ஒரு நூல் மேலே வந்திருக்கிறது. அதைச் சுற்றிப் பிசுபிசுப்பு. மூன்றிலும்.

என் மூக்கில்தான் கோளாறோ என்று வீட்டில் பயிற்சி செய்கிறேன். கிராம்பு, செருப்புத் தோல், காய்ந்த இதழ், எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கண்ணை மூடி முகர்கிறேன். தார் மட்டும் கிடைக்கவில்லை. நேற்று நம் தெரு முனையில் சாலை போட்டார்கள். குனிந்து முகர்ந்தேன். தார் ஊற்றிக்கொண்டிருந்தவர், "என்னம்மா, எதாவது தொலைச்சிட்டியா?" என்றார். "இல்லண்ணே, வாசனை பாக்கறேன்" என்றேன். அவர் பக்கத்து ஆளிடம், "டேய், நம்ம ரோட்டையே மோந்து பாத்து சோதிக்கறாங்கடா, கலப்படம் கிலப்படம் இல்லாமப் போடு" என்றார். நான் சிரித்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

நீ கடைசியாக எப்போது திறந்தாய் என்று கேட்டிருந்தேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை.

நலத்துடன் இரு.

தங்கை

*

மே 2

மூக்காயிக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை தலைக்கு மேல். நிறையப் பயணிகள், நிறைய நாக்குகள், ஒன்றுக்கும் ருசி தெரியாது.

தக்கை பற்றி ஏன் இத்தனை பதற்றம்? வயதான பாட்டிலில் அப்படித்தான் இருக்கும். வயதானால் மனிதனுக்கே பல் முன்னால் வருகிறது.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. உன் மூக்கு நல்ல மூக்குதான், ஆனால் இளசு. நீ இதுவரை சுவைத்ததெல்லாம் நேற்று அடைத்த ஒயின். பழையதின் அழகு பழகினால்தான் தெரியும். முதலாளியம்மா அட்டையில் என்ன எதிர்பார்க்கிறார்? அவர் கணவர் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான். அதெல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக் கொடு. உன் வேலை நிரந்தரமாகட்டும். மூக்கு பின்னாலேயே வந்து சேரும்.

அம்மாவுக்கு என் அன்பு.

அண்ணன்

*

மே 15

அண்ணாவுக்கு,

அம்மா நலம். நான் நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காக.

கப்பல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உன் கப்பல் ஏப்ரலில் பதினெட்டு நாள் பழுதுபார்க்கக் கரையில் நின்றதாம். ஊழியர்களுக்கு வேலையே இல்லையாம். "உங்க அண்ணன் தினம் மீன் பிடிச்சிட்டிருந்தாரு" என்றாள் அங்கிருந்த பெண், பெருமையாக. என் கடிதம் ஏப்ரல் நான்காம் தேதியே உன் கைக்கு வந்திருக்கிறது. வேலை தலைக்கு மேல்!

போகட்டும். நீ சொன்னபடி செய்துவிட்டேன். மீதி ஐந்து வகையையும் திறந்தேன், அதே முகம்தான். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஏழு ஒயினுக்கும் எழுதினேன். ரோஜா, தார், தோல், மழைக்குப் பின் காட்டுத் தரை. எல்லாம் நீ சுவைத்தவை. வாக்கியங்கள் மட்டும் என்னுடையவை. எனக்கு எழுத வரும் என்பதுதான் ஆபத்து. முதலாளியம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் பேசற மாதிரியே இருக்கும்மா" என்றார். அட்டை அச்சாகி, அழைப்பிதழோடு இருபத்துநான்கு வீட்டுக்கும் போய்விட்டது. வேலை நிரந்தரம் என்று வாயால் சொல்லியும்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து அந்த அட்டையைப் படித்தேன். இதுவரை நான் எழுதியதிலேயே நல்ல உரைநடை. என் வாய் அதில் ஒரு சொல்லைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. நிறையப் படித்தவள் என்று பேர் எடுத்தவளுக்கு, மற்றவர் ருசித்ததை எழுதினால் போதும் என்று தோன்றிவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகிறேன். மூக்கு கெட்டிருந்தால் இந்தத் தொழிலை விட்டுவிடலாம். கெடவில்லை என்றால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கடைசியாக எப்போது திறந்தாய்?

தங்கை

*

ஜூன் 11

அண்ணாவுக்கு,

உன் பதில் வரவில்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். தைலம் வந்தது. அம்மா தடவிக்கொண்டு, "என் மகன் கடல் தாண்டியும் என் காலை நினைக்கறான்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

மருத்துவர் மறைந்த முதலாளியின் நண்பராம். என் கண்ணைக் கட்டி ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினார். கிராம்பு என்றேன். சோப்பு என்றேன். காப்பித்தூள் என்றேன். பிறகு எதையும் நீட்டாமல், "இப்ப?" என்றார். "நீங்க காலையில ஆரஞ்சு உரிச்சிருக்கீங்க" என்றேன். கட்டை அவிழ்த்துவிட்டார். "மூக்கு நல்லாருக்கு. நாக்கும் நல்லாருக்கு. கொஞ்சம் நீளம் ஜாஸ்தி, அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. என்னதான் பிரச்சினை?"

சொன்னேன். பரோலோவின் ஆண்டைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, அதுலயா? எங்கிட்ட ஒண்ணு இருக்கே!" ஆறு ஆண்டுக்கு முன் முதலாளிக்குக் குறட்டைக்காக மூக்கில் அறுவை செய்தாராம். நன்றியாக ஒரு பாட்டில் கொடுத்தாராம். "அவர் ஒண்ணு குடுத்தாரு. அந்தம்மா பத்து குடுத்திருப்பாங்க, கேட்டிருந்தா. தூங்கினது அவங்கதானே." நிலவறையில் பன்னிரண்டு குழி உள்ள மரப்பெட்டியில் ஒரு குழியில் முதலாளி கையெழுத்தில் "டாக்டருக்கு" என்று ஒரு சீட்டு கிடக்கும், நீ பார்த்திருப்பாய். அந்தப் பாட்டில்தான். அவர் வீட்டின் அடித்தளத்தில், பழைய மருத்துவப் பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் படுத்திருந்தது. அவருக்குச் சிவப்பு ஒயின் ஆகாதாம், தலைவலி வருமாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் திறந்தேன். தக்கை தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. பிசுபிசுப்பு இல்லை. ஊற்றினேன். அண்ணா, கோப்பையைச் சாய்த்தபோது விளிம்பில் செங்கல் நிறம் விளக்கொளியில் நின்றது. முகர்ந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு புத்தகத்தில் யாரோ வைத்து மறந்த ரோஜா. அதற்கடியில் தார், அந்தத் தெரு முனைத் தாரேதான். வாயில் வைத்தபோது துவர்ப்பு ஈறைப் பிடித்து, யோசித்து, விட்டது. நான் விழுங்கிவிட்டேன். துப்ப மனம் வரவில்லை. மருத்துவரின் மனைவி, "என்னம்மா, கண்ணு கலங்குது? புளிச்சுப்போச்சா?" என்றார்.

நீ எழுதியது பொய் இல்லை. நான் சுவைத்ததும் பொய் இல்லை. ஒரே பெட்டி, ஒரே வண்டியில் வந்தவை. நிலவறையை விட்டு வெளியே போனது உயிரோடு இருக்கிறது. உள்ளே இருந்தவை செத்திருக்கின்றன. வயதாகிச் செத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாகும், ஒன்றிரண்டு பிழைத்தும் இருக்கும். இவை எல்லாம் ஒரே மாதிரி, ஒன்றாகச் செத்திருக்கின்றன. தக்கையைத் தள்ளியது சூடு. நான்கு மாதம் என் மூக்கைத் திட்டினேன். அது ஆரம்பம் முதல் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

தக்கை பற்றி நீ எழுதிய வரியை மறுபடி படித்தேன். பன்னிரண்டு வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது தெரியாமல் இருக்காது.

அந்த நிலவறைக்குச் சூடு எப்போது வந்தது?

தங்கை

*

ஜூன் 30

மூக்காயிக்கு,

நலம். நேற்று இங்கே ஒரு தீவைக் கடந்தோம். விடிகிற நேரத்தில் மலை உச்சியில் மட்டும் வெயில். அம்மா பார்த்தால் விடமாட்டாள். அவளுக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுக்கப்போகிறேன். சாம்பல் நிறம் பிடிக்குமா, நீலமா? கேட்டு எழுது.

அண்ணிக்கு எட்டாம் மாதம். பெண் என்று உள்மனம் சொல்கிறதாம். ஆகஸ்டு நடுவில் என்று நாள் குறித்திருக்கிறார்கள். விடுப்பு கேட்டேன். கப்பல்காரர்கள் கடல் வற்றினால் தருவதாகச் சொல்கிறார்கள்.

மருத்துவர் வீட்டுப் பாட்டில் உனக்கு அதிர்ஷ்டம். மகிழ்ச்சி. ஒரே பெட்டியில் வந்ததெல்லாம் ஒரே மாதிரியா வளர்கிறது? நம்மையே எடுத்துக்கொள்.

விருந்து வரைக்கும் பாட்டில்களை அதிகம் கிளறாதே. முதலாளியம்மாவுக்கு வயதாகிறது. அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜூலை 14

அண்ணா,

அம்மாவுக்கு நீலம்.

குளிரூட்டி பழுது பார்ப்பவர் வருடாந்திரச் சோதனைக்கு வந்தார். நான் வழி காட்டப் போனால், "எனக்குத் தெரியாதாம்மா? நாலு வருஷம் முன்னாடி கோடையில நான்தானே மோட்டார மாத்தினேன்" என்றார். "அப்பா, அன்னிக்கு உள்ள கால வைக்க முடியல, ரொட்டி சுடலாம். உங்கண்ணன் மூஞ்சியப் பாக்கணுமே. தண்ணி குடிங்க சார்னு நான்தான் கொடுத்தேன். யார்கிட்டயும் சொல்ல வேணாம்னார். நானும் யார்கிட்டயும் சொல்லல." என்னிடம் சொல்லிக்கொண்டே அதைச் சொன்னார், பாவம்.

ஆக, உனக்குத் தெரியும். பிப்ரவரியிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் தார் முகர்ந்து அழுதேன் என்று எழுதினேன். அதற்குப் பிறகும் என் மூக்கை இளசு என்றாய். ஒயின் செத்ததற்கு எனக்குக் கோபமில்லை. இயந்திரம் நிற்பது யாருக்கும் நடக்கும். நீ என்னை என் மூக்கையே நம்பவிடாமல் செய்தாய். அதுதான் ஆறவில்லை.

இப்போது நான் மட்டும் சுத்தமா என்றால் இல்லை. அட்டையில் இருப்பது என் எழுத்து.

முதலாளியம்மாவுக்கு நீயே எழுது. உன் கையால், உன் சொல்லில். ஆகஸ்டு முடிவு வரை காத்திருப்பேன். அதற்குள் வராவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை என்று உனக்குத் தெரியும்.

அண்ணியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கால் வீக்கம் தவிர நலம்.

தங்கை

*

ஆகஸ்டு 21

அன்புத் தங்கைக்கு,

பெண் பிறந்த செய்தி கேட்டிருப்பாய். மூன்று கிலோ. நான் இன்னும் பார்க்கவில்லை. அண்ணி அனுப்பிய படத்தில் கை மட்டும் தெரிகிறது.

நீ கேட்டதற்குப் பதில். அந்தக் கோடையில் வெள்ளையடிக்க விடுதியை மூன்று வாரம் மூடினார்கள். முதலாளியும் முதலாளியம்மாவும் வெளியூர் போனார்கள். சாவி என்னிடம். தினமும் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அப்போதுதான் உன் அண்ணிக்கு வேறு இடத்தில் பேசி முடிக்கப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறினேன். இரண்டு நாளில் திரும்புவதாகத்தான் நினைப்பு. அவள் வீட்டு வாசலில் நின்று நின்று, அவள் அப்பா என்னை உள்ளே கூப்பிடவே பத்து நாள் ஆனது. திரும்பியது பத்தொன்பதாம் நாள். கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து வந்த காற்று தெரு வெயிலைவிடச் சூடாக இருந்தது. அன்று ஒன்றைத் திறந்து பார்த்தேன். அதுதான் கடைசி. அதன் பிறகு "இன்னும் காலம் இருக்கிறது" என்று சொல்லியே நாளைத் தள்ளினேன்.

முதலாளியம்மாவுக்கு நான் எழுதப்போவதில்லை. இந்தக் கப்பல் வேலை அவர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் நிற்கிறது. அது போனால் இதுவும் போகும். இப்போது ஒரு வாய் கூடியிருக்கிறது.

யோசித்துப் பார். அந்த இருபத்துநான்கு பேரில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. அட்டையில் ரோஜா என்று இருந்தால் அவர்கள் நாக்கில் ரோஜா மணக்கும். இத்தனை வருஷம் காத்திருந்த ஒயின் என்று தலையாட்டுவார்கள். யாருக்கு நஷ்டம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்லவில்லை. சோறு தானாகவே மூடியிருக்கிறது, கிளறாதே என்கிறேன்.

உன்னை ஏன் என் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வேறு யார் வந்தாலும் முதல் பாட்டிலிலேயே கத்தியிருப்பார்கள். நீ கண்டுபிடிப்பாய் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டாய் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து நீ எதையும் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவிடம் பேத்தி பிறந்த மகிழ்ச்சியைக் கெடுக்காதே.

அண்ணன்

*

செப்டம்பர் 4

அண்ணா,

அம்மாவும் நானும் போய்க் குழந்தையைப் பார்த்தோம். கை மட்டுமல்ல, முழுதாக நலம். அழுகை உன் தொண்டை.

உன் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். என்னைப் பற்றி நீ எழுதியது சரிதான். நான் எதையும் யாரிடமும் சொல்கிறவள் இல்லை. அது ஒரு நல்ல குணம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதை எண்ணிப் பார்த்து, கணக்குப் போட்டு, ஒருவர் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்று தெரியாது.

செப்டம்பர் முதல் தேதி காலை முதலாளியம்மாவை நிலவறைக்கு அழைத்துப்போனேன். எதுவும் சொல்லாமல் ஒரு பரோலோவைத் திறந்து ஊற்றிக் கொடுத்தேன். ஆசையாக வாங்கி, ஒரு வாய் வைத்துக்கொண்டார். பிறகு வாயை மூடியபடியே, "நீங்கல்லாம் எங்க துப்புவீங்க?" என்று கையால் கேட்டார். வாளியைக் காட்டினேன். துப்பிவிட்டு, "எத்தனை பாட்டில் இப்படி?" என்றார். "எல்லாமே" என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். அண்ணியின் பேச்சை எடுக்கவில்லை. பத்தொன்பது நாள் நீ ஊரில் இல்லை என்று மட்டும் சொன்னேன். அட்டையில் இருப்பது நான் சுவைத்தது இல்லை என்பதையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். பெட்டி மேல் உட்கார்ந்தார். "கடைசி ரெண்டு வருஷம், படி இறங்க முடியாம இறங்கி, தினம் வந்து இதுங்களத் தடவிக் குடுத்துட்டுப் போவாரும்மா. உங்கண்ணன்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வருவான். பொணத்தையா தடவிட்டிருந்தார்?" என்றார். அந்தக் கேள்வி உனக்குத்தான். உன்னிடம் பதில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பிறகு எழுந்து, செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். விருந்து நடக்கும், இந்த ஒயின் இல்லாமல். நூற்று முப்பது பாட்டிலையும் நான் ஒருத்தியே திறந்து, ஒவ்வொன்றையும் சுவைத்து, என் வாய் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். அதன் பிறகுதான் என் வேலை இருக்குமா போகுமா என்று சொல்வார். இருபத்துநான்கு வீட்டுக்கும் நானே கடிதம் எழுத வேண்டும். எழுதினேன். "அட்டையில் உள்ள குறிப்புகள் என் எழுத்து. ஆனால் என் நாக்கு அறிந்தவை அல்ல. மன்னிக்கவும்." இருபத்துநான்கு முறை கையால் எழுதியதில் விரல் வலிக்கிறது. வெட்கம் பதினைந்தாவதோடு மரத்துவிட்டது.

கடைசியாக உன் சிபாரிசுக் கடிதத்தின் நகலை எடுத்து வரச் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார். "சுத்தமானவன். அது நெசம். பொறுமைசாலி. ஆமா. நல்ல மூக்கு. அதுவும் நெசம். 'நம்பிக்கையானவன்'னு ஒண்ணு எழுதியிருக்கேன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் நான் திரும்ப வாங்கிக்கறேன்னு அவன் கம்பெனிக்கு எழுதணும். நீதான் நல்லா எழுதுவியே. நீயே எழுது" என்றார்.

எழுதினேன். நான்கு வரி. எந்த ஆண்டு, எத்தனை நாள், என்ன நடந்தது, எந்தச் சொல் திரும்பப் பெறப்படுகிறது. அலங்காரம் ஒன்றும் இல்லை. குறைத்தும் எழுதவில்லை. உனக்காக ஒரு சொல்லை மென்மையாக்கப் பார்த்தேன். எழுதி, அடித்துவிட்டேன். இன்று அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நகல் இதனுடன் இருக்கிறது.

அதனால் உன் வேலை போகுமா என்று எனக்குத் தெரியாது. ஒரு சொல்தான். கப்பல்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ. அவர்களிடம் நீயே முதலில் போய் உன் வாயால் சொன்னால் வேறு மாதிரி இருக்கலாம் என்று தோன்றுகிறது. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை உனக்கு விட்டிருக்கிறேன்.

உன் கம்பெனிக்கான அந்தக் கடிதத்தை முதலாளியம்மா இன்றே அஞ்சலில் சேர்க்கச் சொன்னார். இன்று உனக்கு எழுதிய இதை மட்டும் சேர்க்கிறேன். இது உன்னை முதலில் எட்டட்டும் என்று, அது இரண்டு நாள் கழித்துத்தான் போகும். அவரிடம் இதை மட்டும் சொல்லவில்லை.

தங்கை